வக்கீல் வைக்க வசதியில்லை. மகளைப் பார்க்க நானே மனுப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். எட்டு மாதங்களுக்கு முன் நடந்த சண்டையில் என் மனைவி எங்கள் ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு மதுரையில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டார். மகளை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மனைவி ஜீவனாம்ச வழக்குப் போட்டு, மாதம் 5,000 ரூபாய் கட்டும்படி இடைக்கால உத்தரவாகியிருக்கிறது. இரண்டு மாதம் பாக்கி. பணம் கட்டாதவனுக்குக் குழந்தையைக் காட்ட முடியாது என்கிறார் மாமனார். நான் விசாரித்த வழக்கறிஞர் முதலில் 40,000 ரூபாயும், பிறகு வாய்தாவுக்கு வாய்தா தனியாகவும் கேட்டார். அதனால் நானே 11 பக்கத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறேன், நகலை இணைத்துள்ளேன். நீதிமன்றத்தில் என்னைப் பேச விடுவார்களா? ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கடைசிச் சண்டையில் மனைவியைக் கைநீட்டி அடித்துவிட்டேன், மகள் பார்த்துவிட்டாள். அதை மனுவில் எழுதவில்லை. பள்ளி விடும் நேரத்தில் போய் மகளைக் கூட்டி வந்துவிடு என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: நண்பர்கள் சொன்ன யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். எட்டு மாதமாகப் பார்க்காத தகப்பன் பள்ளி வாசலில் திடீரென்று வந்து கையைப் பிடித்து இழுத்தால், அந்த ஆறு வயதுக் குழந்தைக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்த நீதிமன்றத்தில் ஏறி நின்றாலும், குழந்தையைத் தனியாக உங்களிடம் அனுப்ப ஏன் பயப்படுகிறோம் என்பதற்கு எதிர்த்தரப்பு காட்டும் முதல் காரணம் அந்த ஒரு மாலை நேரமாகத்தான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பேச விடுவார்கள். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 13-ஆம் பிரிவில், எந்தத் தரப்பினரும் வழக்கறிஞர் மூலம் வாதாடுவதை உரிமையாகக் கேட்க முடியாது என்றே சொல்கிறது. அதாவது, அந்த நீதிமன்றம் உருவாக்கப்பட்டபோதே, கணவனும் மனைவியும் நேரில் வந்து தங்கள் வாயால் பேச வேண்டும் என்பதுதான் எண்ணமாக இருந்தது. நடைமுறையில் இருதரப்பிலும் வழக்கறிஞர்கள் அனுமதி பெற்று ஆஜராகிறார்கள் என்பதால், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே தனியாக நிற்பவருக்குத் தான் ஏதோ அத்துமீறி உள்ளே வந்துவிட்டதைப் போலத் தோன்றும். அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம். மனுவைத் தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம், தமிழில் சாட்சி சொல்லலாம். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகளுக்கு உட்படாத ஆவணங்களையும், வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. சட்டம் படிக்காத ஒருவர் நடைமுறைத் தவறு செய்தாலும் உண்மை வெளியே வர வேண்டும் என்பதற்காகவே இப்படி வகுத்திருக்கிறார்கள்.

ஆனாலும், "வசதியில்லை, ஆகவே தனியாகத்தான் நிற்க வேண்டும்" என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டது தவறு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியும். ஆண்களுக்குக் கிடையாது என்று அதிலிருந்து தவறாக முடிவு செய்துகொள்கிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆம் பிரிவில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோரையும், அரசு நிர்ணயிக்கும் வருமான வரம்புக்குள் வரும் எவரையும் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உங்கள் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,16,000 ரூபாய்தான் வருகிறது. வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டிய கட்டாயமும் இல்லை. வருமானத்தைப் பற்றி நீங்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையே, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை, போதுமானதாகக் கொள்ளலாம் என்று இதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு பக்க விண்ணப்பம் கொடுங்கள். வழக்கு மதுரையில் நடக்கப்போகிறது என்பதால் மதுரை அலுவலகத்தில் கொடுப்பதே நல்லது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். குழுவில் உள்ள வழக்கறிஞர் ஒருவரை நியமிப்பார்கள். அவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்க முயன்றால் அந்த அலுவலகத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள்.

வழக்கறிஞர் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் அவர் பாடு என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் குழுவில் இருப்பவர்களில் நல்லவர்கள் நிறைய. ஆனால் ஒரே காலையில் மூன்று நீதிமன்றங்களுக்கு ஓடுபவர்கள். அவர் வந்து சேர்வதற்குள் உங்கள் வழக்கு கூப்பிடப்பட்டால் பேச வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் மகளுக்கு எந்தக் கதை பிடிக்கும், எதற்கு ஒவ்வாமை, தூங்கும்போது எதைப் பிடித்துக்கொள்வாள் என்பது எந்த வழக்கறிஞருக்கும் தெரியாது. ஆகவே கீழே சொல்வதை, தனியாக நின்றாலும் துணையோடு நின்றாலும், நீங்களே தயார்செய்ய வேண்டும்.

உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். முதல் தவறு தலைப்பிலேயே இருக்கிறது. திருப்பூர் நீதிமன்றத்தின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குள் விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்த வழக்கிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ் ஓர் இடைக்கால மனுப் போட்டிருக்கலாம். அது இல்லாத நிலையில், 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் கீழ்தான் நீங்கள் வர வேண்டும். அதன் 9-ஆம் பிரிவின்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றமே விசாரிக்க முடியும். உங்கள் மகள் மதுரையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். திருப்பூரில் தாக்கல் செய்தால், எல்லை இல்லை என்று மனு திரும்பி வருவதற்கே சில மாதங்கள் போய்விடும். மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடுங்கள். ஜீவனாம்ச வழக்கும் மதுரையில்தான் நடக்கிறது என்றால், இரண்டையும் ஒரே தேதிக்கு வாய்தா வைக்கும்படி முதல் நாளே கேளுங்கள். ஒருநாள் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் ஒவ்வொரு முறையும் மிச்சமாகும். நியாயமான வேண்டுகோள் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது. 11 பக்கத்தில் பத்தரைப் பக்கம் உங்கள் மனைவியைப் பற்றியும் மாமனாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். சீர்வரிசையில் நடந்த பேச்சு, வளைகாப்பில் நடந்த அவமானம், மைத்துனர் திருப்பிக் கொடுக்காத கடன் எல்லாம் இருக்கின்றன. மகளின் பெயர் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகளில் வருகிறது. உங்கள் மனக்குறைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956-இன் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே மேலோங்கிய கருத்தாக இருக்க வேண்டும் என்று நீதிபதியின் கையைக் கட்டியிருக்கிறது. யார் யாரை அவமதித்தார்கள் என்பதை அவர் இந்த மனுவில் தீர்க்கப்போவதில்லை. அந்தப் பத்தரைப் பக்கம் இருக்கும்வரை, அதற்குப் பதிலாக எதிர்த்தரப்பும் இருபது பக்கத்துக்கு எதிருரை போடும். மகள் இரண்டு கட்டுக் காகிதங்களுக்கு அடியில் மறைந்துபோவாள்.

மனுவை மூன்று நான்கு பக்கத்தில் மாற்றி எழுதுங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தற்போது யாருடன் எங்கே வசிக்கிறாள், எந்தப் பள்ளி என்ற விவரங்கள் தொடக்கத்திலேயே வரட்டும். பிறகு, பிரிவதற்கு முன் நீங்கள் அவளுக்காக அன்றாடம் என்ன செய்தீர்கள் என்பதைத் திட்டமாக எழுதுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், போகிற போக்கில், "நைட் ஷிப்ட் முடிந்து வந்து நான்தான் பாப்பாவுக்குத் தலைசீவி ரெட்டைச் சடை போட்டுவிடுவேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி மனுவில் இல்லை. இருக்க வேண்டியது அதுதான். தடுப்பூசி அட்டையில் உள்ள தேதிகளுக்கு யார் அழைத்துப் போனது, பால்வாடிக்கு யார் கொண்டுபோய் விட்டது, காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். அடுத்து, எட்டு மாதத்தில் மகளைப் பார்க்க எந்தெந்த நாளில் முயன்றீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பதைத் தேதியோடு, வசைச்சொல் இல்லாமல், சொல்லுங்கள்.

கேட்பது என்ன என்பதில் நீங்கள் தெளிவாக இருப்பது மிக முக்கியம். "குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று உங்கள் வரைவு முடிகிறது. கடிதத்திலோ, பார்த்தால் போதும் என்கிறீர்கள். ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டியிருந்தாலும், ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு தனி அறையில் தங்கியிருக்கும் நீங்கள் முழுப் பொறுப்பைக் கேட்டால், கிடைக்காததோடு, மனைவியின் அச்சத்தையும் அதிகமாக்குவீர்கள். சந்திப்பு உரிமையைக் கேளுங்கள். முதன்மை மனுவோடு (அசல் மனு) ஓர் இடைக்கால மனுவும், அதற்குரிய பிரமாணப் பத்திரமும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். முதன்மை மனு முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், இடைக்கால உத்தரவு அதற்கு முன்பே கிடைக்கும். இடைக்கால மனுவின் கடைசிப் பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: "மைனர் குழந்தையை மனுதாரர் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது மற்றும் நான்காவது ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மதியம் 1 மணி வரை, இந்த நீதிமன்றம் பொருத்தமெனக் கருதும் இடத்தில் சந்திக்கவும், தினமும் இரவு 7 மணிக்குப் பத்து நிமிடம் காணொளி அழைப்பில் பேசவும், அசல் மனு முடிவாகும்வரை அனுமதித்து உத்தரவிடப் பிரார்த்திக்கப்படுகிறது." ஞாயிறு எதற்கு என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள். நீதிமன்ற வளாகத்தில் சந்திப்பு வைத்தால் பெரும்பாலும் சனிக்கிழமையைத்தான் குறிப்பார்கள். உங்களுக்கோ சனிக்கிழமை வேலைநாள். உத்தரவு வாங்கிவிட்டுப் போக முடியாமல் தவறவிடுவதைவிட மோசமானது வேறில்லை.

தொலைபேசிப் பேச்சைக் கேட்கத் தயங்க வேண்டாம். யஷிதா சாஹு எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, குழந்தைக்குத் தாய், தகப்பன் இருவரின் அன்பும் பெறும் உரிமை உண்டு என்று சொன்னதோடு, தனிக் காரணங்கள் இல்லாதபோது, குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் குழந்தையோடு பேச உரிமை வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறது. மனுவில் இந்தத் தீர்ப்பு ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். பத்துத் தீர்ப்புகளை அடுக்குவதில் பயன் இல்லை.

இப்போது நீங்கள் மனுவில் எழுதாமல் விட்ட விஷயம். அதை என்னிடம் சொன்னீர்களே என்பதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் அது சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். "ஒருமுறைதான்" என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் மகள் அதை எண்ணிக்கையில் வைத்திருக்கவில்லை. அப்பா அம்மாவை அடித்தார், பிறகு அம்மாவும் நானும் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்த கதை. பிரமாணப் பத்திரத்தில் "நான் ஒருபோதும் கைநீட்டியதில்லை" என்று எழுதி ஆணையிட்டீர்களானால், குறுக்கு விசாரணையில் அது உடைகிற நேரத்தில், நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்தே உடையும். ஆனால் இப்படி ஒரு செயலைச் சத்தியம் செய்து எழுத்தில் ஒப்புக்கொள்வதற்குப் பின்விளைவு உண்டு. உங்கள் மனைவி குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க உரிமை உள்ளவர். ஆகவே அந்தப் பத்தியை மட்டும் தனியாக எழுதாதீர்கள். சட்ட உதவி வழக்கறிஞரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் முன்னால் அமர்ந்து எழுதுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

நீங்களாகவே செய்யக்கூடியவையும் உண்டு. முதல் சில மாதங்கள் வேறொருவர் மேற்பார்வையில், நீதிமன்றம் சொல்லும் இடத்தில், மகளைச் சந்திக்கச் சம்மதம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். கோபத்தைக் கட்டுப்படுத்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனைக்குப் போகத் தொடங்குங்கள். வெளிநோயாளிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நீதிபதிக்குக் காட்டுவதற்காக மட்டும் போகாதீர்கள். அந்த வீட்டில் உங்கள் மனைவிக்கு இருக்கும் பயம் கற்பனை அல்ல என்பதை நீங்கள் மனதார ஒப்புக்கொண்டால், குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் (கவுன்சிலர்) முன் உங்கள் குரலிலேயே அது தெரியும்.

ஜீவனாம்ச பாக்கியைப் பற்றி உங்கள் மாமனார் சொல்வது சட்டப்படி சரியல்ல. பணம் வேறு, குழந்தையைப் பார்ப்பது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை. இது உங்களுக்கும் பொருந்தும். குழந்தையைக் காட்டினால்தான் கட்டுவேன் என்று நிறுத்தியிருந்தால், இந்த மாதமே திரும்பத் தொடங்குங்கள். பாக்கியை மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று சேர்த்துக் கட்டுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள். அந்தப் பணம் உங்கள் மகளின் சாப்பாடு. பாக்கி வைத்துவிட்டு வந்து நிற்கும் தகப்பனிடம் நீதிபதி கேட்கும் கேள்விக்கு எந்த வழக்கறிஞராலும் நல்ல பதில் சொல்ல முடியாது.

தாக்கல் செய்த பிறகு நடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலகம் மனுவைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும். பதறாமல் சரிசெய்து மீண்டும் கொடுங்கள். எண் கிடைத்ததும் மனைவிக்கு அறிவிப்பு அனுப்பப்படும். உங்கள் வழக்கை அடையாளம் காட்டும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியைத் திருப்பூரிலிருந்தே பார்க்கலாம். காலை 10 மணிக்கே நீதிமன்றத்தில் இருங்கள். கூப்பிட்டதும் முன்னால் போய், பெயரைச் சொல்லி, "நானே நேரில் ஆஜராகிறேன், ஐயா" என்றோ "அம்மா" என்றோ தொடங்கி, என்ன கேட்கிறீர்கள் என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களைச் சீண்டினால் அவருக்குப் பதில் சொல்லாதீர்கள். நீதிபதியைப் பார்த்தே பேசுங்கள்.

விசாரணைக்கு முன் கவுன்சிலரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் கடமை. பல தகப்பன்மார் இதைச் சடங்காக எண்ணி உம்மென்று உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். நான் பார்த்தவரை, நிலைத்து நிற்கும் ஏற்பாடுகள் அந்தச் சிறிய அறையில் எழுதப்பட்டவைதான். ஆனால் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்: நாள், நேரம், இடம், குழந்தையைக் கொண்டுவந்து விடுபவர் யார், உடல்நலம் சரியில்லாத வாரத்துக்கு ஈடு எப்போது, தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் எப்படி என்பன இருக்க வேண்டும். இருவர் சம்மதத்தின் பேரில் பிறக்கும் உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்டு மனுப் போடலாம். குழந்தை தொடர்பான எந்த உத்தரவும் என்றைக்குமாக இறுகிப்போவதில்லை. உத்தரவு இருந்தும் காட்டாமல் விட்டால் நிறைவேற்று மனுப் போட வழி உண்டு. வாசலில் நின்று சண்டை போட வேண்டாம்.

ஒருவேளை சாட்சி விசாரணை வரை போனால், உங்கள் மனைவியை நீங்களே குறுக்கு விசாரணை செய்ய நேரிடும். அந்த நாளுக்கு மட்டுமாவது சட்ட உதவி வழக்கறிஞர் உடனிருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அடித்தவரே எதிரில் நின்று கேள்வி கேட்பது அவருக்கு எவ்வளவு கொடுமை என்பதை நினைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் சந்திப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நீதிமன்ற வளாகத்தில், ஒரு தகப்பன் தன் உயரத்துக்கு ஒரு கரடி பொம்மை வாங்கி வந்திருந்தார். மகன் பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பொம்மையையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அவர் அழுதார், பையன் இன்னும் பயந்தான். அடுத்த முறை அவர் பத்து ரூபாய் வண்ணப் பென்சில் பெட்டியோடு வந்து, பெஞ்சில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, எதுவும் பேசாமல் ஒரு பேருந்து வரைந்தார். அரை மணி நேரம் கழித்து, சக்கரம் இப்படி இருக்காது என்று பையன் பென்சிலைப் பிடுங்கினான்.

உங்கள் மகளும் முதல் நாள் உங்களிடம் வராமல் போகலாம். அம்மா சொல்லிக்கொடுத்தாளா என்று கேட்காதீர்கள். தாத்தா வீட்டைப் பற்றி விசாரிக்காதீர்கள். அழுவதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீப்பும் இரண்டு ரிப்பனும் பையில் இருக்கட்டும், அவளாகக் கேட்டால் எடுங்கள். 1 மணிக்கு ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் முன்னதாகவே ஒப்படைத்துவிடுங்கள். சந்திப்பு எப்படி நடந்தது என்று நீதிபதி அடுத்த வாய்தாவில் உங்கள் மனைவியிடம்தான் முதலில் கேட்பார்.